காலி மனையில் பிறந்த பந்தயத் தடம்



கடந்த கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை. பழங்காநத்தத்திலிருந்து மாடக்குளம் கண்மாய்ப் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தேன். கண்மாயின் ஓரப் பகுதி காய்ந்து கிடந்தது. அங்கே ஏழெட்டுச் சிறுவர்கள் மண்ணை வெட்டிக் குவித்து, வரிசையாக நான்கு சிறு மேடுகள் அமைத்திருந்தார்கள். அவற்றின் மேல் ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிள் ஓட்டி விளையாடினார்கள். ஒருவனிடம் மட்டுமே சிறிய சக்கரமும் தடித்த டயரும் கொண்ட சைக்கிள் இருந்தது. மற்றவர்கள் முறை வைத்து அதையே வாங்கி ஓட்டினார்கள்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்பது அவர்களில் ஒருவனுக்குத் தெரியும். அவன் அருகே வந்து கேட்டான்: "சார், முதல் மேட்டில் இருந்து இறங்கிய பிறகு நான் பெடலை மிதிக்கவே இல்லை. உடம்பை மட்டும் ஏற்றி இறக்குகிறேன். ஆனாலும் நான்காவது மேடு வரை வேகம் குறையவில்லை. அது எப்படி?"

நல்ல கேள்வி அல்லவா? பதில் சொல்லத் தொடங்குவதற்குள் பெரியவர் ஒருவர் வந்துவிட்டார். கண்மாய்க் கரையின் அடிமண்ணை வெட்டி எடுத்ததற்காகப் பையன்களைக் கடுமையாகக் கண்டித்தார். மறுநாள் நான் போனபோது மேடுகள் தரைமட்டமாகியிருந்தன.

அந்தப் பெரியவர் செய்தது சரியா, தவறா? பல நாட்கள் இதைப் பற்றி யோசித்தேன். கரையைக் காக்க வேண்டும் என்பதில் அவர் செய்தது சரியே. கரையின் அடியில் மண்ணைப் பறித்தால் ஐப்பசி மழையில் அந்த இடம் அரித்துக்கொண்டு போகும். ஆனால் அந்தச் சிறுவர்கள் வேறு எங்கே போவார்கள்? இந்தக் கேள்விக்கு நம்மில் யாரும் பதில் வைத்திருக்கவில்லை. அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெரிய விளையாட்டின் சிறிய தொடக்கம்

அந்தச் சிறுவர்கள் தம்மை அறியாமலே விளையாடியது ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்ற ஒரு விளையாட்டு. அதன் பெயர் பி.எம்.எக்ஸ். 'பைசைக்கிள் மோட்டோகிராஸ்' என்பதன் சுருக்கம் அது. மேடு பள்ளமான மண் தடத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஓடும் பந்தயத்துக்கு மோட்டோகிராஸ் என்று பெயர். அதையே சைக்கிளில் செய்தால் பி.எம்.எக்ஸ். ஆகிறது.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் தென்பகுதியில், 1960-களின் இறுதியில் இது தோன்றியது. 1963-இல் ஷ்வின் நிறுவனம் 'ஸ்டிங்ரே' என்ற சிறுவர் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சக்கரத்தின் விட்டம் 20 அங்குலம், உயர்ந்த கைப்பிடி, உறுதியான உடற்சட்டம். மோட்டோகிராஸ் வீரர்களைப் பார்த்து ஏங்கிய சிறுவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்ட வயது இல்லை. வாங்கப் பணமும் இல்லை. அவர்கள் இந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு காலி மனைகளுக்குப் போனார்கள். மண்வெட்டியால் மேடும் வளைவும் அமைத்தார்கள். பந்தயம் தொடங்கிவிட்டது!

1969-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பாம்ஸ் பூங்காவில் சிறுவர்களுக்காக இத்தகைய பந்தயம் ஒன்று நடந்தது. 1970-இல் லாங் பீச் நகரில் ஸ்காட் பிரைட்ஹாப்ட் என்ற சிறுவன் ஒரு காலி மனையில் பந்தயம் நடத்தினான். அப்போது அவனுக்கு வயது 13! வந்தவர்களிடம் தலைக்கு 25 சென்ட் நாணயம் வசூலித்தான். மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் தான் வென்றிருந்த கோப்பைகளையே வெற்றி பெற்றவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தான். இந்த விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அவன் பெயரை விட்டுவிடுவதில்லை.

1971-இல் புரூஸ் பிரவுன் எடுத்த 'ஆன் எனி சன்டே' என்ற மோட்டார் சைக்கிள் ஆவணப்படம் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் சிறுவர்கள் சைக்கிளில் மண்மேடுகளைத் தாவும் காட்சி வருகிறது. அதைக் கண்ட பிற ஊர்ச் சிறுவர்களும் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். 1977-இல் அமெரிக்கன் பைசைக்கிள் அசோசியேஷன் என்ற சங்கம் தொடங்கி, தடங்களுக்கும் போட்டிகளுக்கும் ஒழுங்கு வகுத்தது. 1981-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஏற்பட்டது. 1982-இல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ். பந்தயம் முதன்முதலாக இடம்பெற்றது. ஆண்கள் பிரிவில் லாட்வியா நாட்டின் மாரிஸ் ஸ்ட்ரோம்பர்க்ஸும், பெண்கள் பிரிவில் பிரான்சு நாட்டின் ஆன் கரோலின் ஷோசோனும் தங்கம் வென்றார்கள்.

காலி மனையிலிருந்து ஒலிம்பிக் அரங்கம் வரை வர 40 ஆண்டுகள்கூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு முன்பும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், இலண்டன் நகரில் குண்டு விழுந்து தகர்ந்த கட்டடங்களின் இடங்கள் எங்கும் கிடந்தன. அங்கிருந்த இடிபாடுகளைச் சிறுவர்களே அகற்றி, நீள்வட்டத் தடம் அமைத்து, பழைய சைக்கிள்களில் பந்தயம் விட்டார்கள். 'சைக்கிள் ஸ்பீட்வே' என்ற பெயரில் அந்த விளையாட்டு இங்கிலாந்தில் இன்றும் நடக்கிறது. போர் விட்டுச்சென்ற இடிபாட்டைக்கூடப் பிள்ளைகள் விளையாட்டிடமாக மாற்றிக்கொண்டார்கள்!

இரண்டு கதைகளிலும் முதலில் வந்தது அரங்கம் அன்று. யாரும் பயன்படுத்தாத ஒரு துண்டு நிலம்தான். எந்தப் பொறியாளரும் வரைபடம் போடவில்லை. எந்த அரசும் நிதி ஒதுக்கவில்லை. பெரியவர்கள் பின்னால் வந்து விதிகள் வகுத்தார்கள், அவ்வளவே.

எட்டு மீட்டரும் ஒரு மீட்டரும்

இப்போது நமது பாடத்துக்கு வருவோம். பி.எம்.எக்ஸ். தடம் ஒன்றின் நீளம் பெரும்பாலும் 300 முதல் 400 மீட்டர். எட்டு வீரர்கள் ஒரே சமயத்தில் புறப்படுவார்கள். 40 வினாடிக்குள் பந்தயம் முடிந்துவிடும். ஒலிம்பிக் தடங்களில் புறப்படும் மேடு சுமார் 8 மீட்டர் உயரம் இருக்கும். கிட்டத்தட்ட இரண்டு மாடி வீட்டின் உயரம்.

உயரத்தில் நிற்கும் வீரருக்கு நிலை ஆற்றல் இருக்கிறது. அவர் இறங்கும்போது அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. உராய்வையும் காற்றின் தடையையும் விட்டுவிட்டால், அடிவாரத்தில் அவரது திசைவேகத்தின் இருமடி 2gh-க்குச் சமம். h = 8 மீட்டர் என்று போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 12.5 மீட்டர் கிடைக்கும். அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர்! பெடலை மிதிப்பதால் கிடைக்கும் வேகம் இதற்கு மேல்.

மேடு ஒரே ஒரு மீட்டர் உயரம் என்றால்? எட்டில் ஒரு பங்கு உயரம்தானே, வேகமும் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்று நினைப்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள். விநாடிக்கு 4.4 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வருகிறது. உயரம் எட்டில் ஒன்றாகக் குறைந்தும் வேகம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே இருக்கிறது. வேகம் உயரத்தின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது என்பதே காரணம்.

இதை நான் ஏன் சொல்கிறேன்? விளையாடிக் கற்பதற்குப் பெரிய அரங்கம் தேவையில்லை என்பதை இயற்பியலே சொல்கிறது. உங்கள் இடுப்பளவு உயரமுள்ள ஒரு மண்மேடு போதும்.

அடுத்து வளைவு. தடத்தின் திருப்பங்களில் வெளிப்புறத்தை உயர்த்திச் சாய்வாக அமைத்திருப்பார்கள். சித்திரைப் பொருட்காட்சியில் 'மரணக் கிணறு' பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிள்காரர் செங்குத்தான சுவரில் சுற்றிச் சுற்றி வருவாரே, அதன் எளிய தங்கைதான் இந்தச் சாய்ந்த வளைவு. சமதரையில் திரும்பும்போது வேண்டிய மையநோக்கு விசை முழுவதையும் டயருக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள உராய்வே தர வேண்டும். மண் இளகியிருந்தால் சக்கரம் வழுக்கிவிடும். தரை சாய்ந்திருந்தால், தரை சக்கரத்தை எதிர்த்துத் தள்ளும் விசையின் ஒரு பகுதியே மையத்தை நோக்கித் திருப்பிவிடும். உராய்வை நம்ப வேண்டியதில்லை.

எவ்வளவு சாய்வு வேண்டும்? tan θ என்பது v²/rg-க்குச் சமம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். v²-க்குப் பதில் 2gh என்று போடுங்கள். g அடிபட்டுப் போகிறது! மிஞ்சுவது 2h/r மட்டுமே. மேடு 1 மீட்டர், வளைவின் ஆரம் 5 மீட்டர் என்றால் tan θ-வின் மதிப்பு 0.4, கோணம் சுமார் 22 பாகை. அதே தடத்தை நிலவில் அமைத்தாலும் சாய்வை மாற்ற வேண்டியதில்லை. பெடல் மிதித்து வேகம் கூட்டுவோருக்காக 30 பாகை வரை வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருகிறேன். மிதிக்காமல் வேகம் எங்கிருந்து வந்தது? கோயில் திருவிழாவிலோ வீட்டுத் தாழ்வாரத்திலோ ஊஞ்சல் ஆடியிருப்பீர்கள். ஊஞ்சல் கீழே வரும்போது எழுந்து நின்று, உச்சியில் உட்கார்ந்தால் வீச்சு கூடுகிறதல்லவா? இதுவும் அதே தந்திரம். பள்ளத்தின் வழியே வளைந்து செல்லும்போது உங்கள் எடை கூடிவிட்டது போலத் தோன்றும். அந்தச் சமயத்தில் கால்களையும் கைகளையும் நீட்டி எழும்போது தசைகள் அதிக வேலை செய்கின்றன. முகட்டில் எடை குறைந்தாற்போல் இருக்கும். அங்கே உடம்பை மடக்குகிறீர்கள். பள்ளத்தில் கொடுத்த ஆற்றல் மிகுதி, முகட்டில் இழந்தது குறைவு. மிச்சம் உள்ளது வேகமாகிறது. காலையில் சாப்பிட்ட இட்லியின் ஆற்றல், பெடல் வழியாக அல்லாமல் முழங்கால் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

பத்தாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் இந்தச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரிக்கு வந்த பிறகும், சாலை வளைவு ஏன் சாய்ந்திருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். அந்தக் கண்மாய்ச் சிறுவன் சமன்பாடு படிக்கவில்லை. ஆனால் சரியான கேள்வியை அவன் முழங்கால் அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

மண்ணுக்கும் அறிவியல் உண்டு

மதுரையைச் சுற்றிச் செம்மண்ணும் உண்டு, கரிசல் மண்ணும் உண்டு. கரிசல் மண் மழையில் ஊறி உப்பும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். தடத்துக்கு அது உதவாது. சரளை கலந்த செம்மண்ணே நன்று. அதையும் காய்ந்த நிலையில் குவித்தால் நிற்காது. சேறாகக் குழைத்தாலும் நிற்காது. அளவான ஈரத்தில் இடித்தால்தான் இறுகும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மண் அணைகள் கட்டிய பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் 1933-இல் இதைச் சோதனை மூலம் விளக்கினார். ஒவ்வொரு மண்ணுக்கும் அது மிக நன்றாக இறுகும் ஈரப்பதம் ஒன்று உண்டு என்று காட்டினார். இன்று சாலை போடுவோர் அனைவரும் அந்தச் சோதனையைச் செய்கிறார்கள். நீங்கள் கையாலேயே சோதிக்கலாம். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை நிற்க வேண்டும். கையில் ஈரம் ஒட்டக்கூடாது. அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். அதுவே பக்குவம்.

எங்கே அமைப்பது?

என் சிறுவயதில் பழங்காநத்தத்தில் வாடகைச் சைக்கிள் கடை இருந்தது. மணிக்கு ஒரு ரூபாய். பெரியவர்களின் சைக்கிள்தான் கிடைக்கும். இருக்கையில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாரின் அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்தே கற்றுக்கொண்டோம். சைக்கிள் எங்கள் உயரத்துக்கு ஏற்றதாக இல்லை. ஆனால் பழகுவதற்கு இடம் இருந்தது. தெருவிலும் வண்டிகள் குறைவு. தெருவுக்குத் தெரு காலி மனைகள் கிடந்தன. இன்று நிலைமை தலைகீழ். உங்கள் உயரத்துக்கு ஏற்ற சைக்கிள் கிடைக்கிறது. இடம்தான் இல்லை. ரேஸ் கோர்ஸ் பகுதியில் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் இருக்கிறது, அங்கே போக நகரத்தின் நெரிசலையும் வைகையையும் கடக்க வேண்டும். ஆகவே பிள்ளைகள் பைபாஸ் சாலையில் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் இடையே ஓட்டிப் பழகுகிறார்கள். அதைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு பதறுகிறது.

கண்மாய் இதற்கான இடம் அன்று. அது நீருக்கு உரியது. சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊற்று அதுதான். கரை உடைந்தால் ஊருக்கே கேடு. இதில் நான் அந்தப் பெரியவரின் கட்சி.

ஆனால் வேறு இடம் உண்டு. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுவோர், சாலைகள் நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பழகுவதற்கான சிறிய தடத்துக்கு 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் போதும். நமது கணக்கில் ஏறத்தாழ 15 சென்ட். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு மூலை, பள்ளி மைதானத்தில் ஒரு மூலை, இதற்குப் போதும். சுற்றிலும் கம்பி வேலி போட்டு, சிமெண்டுத் தளம் பரப்பி, 'விளையாடக் கூடாது' என்று பலகை மாட்டிய பூங்காக்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை அமைத்தவர்களுக்குப் பிள்ளைகள் மீது வெறுப்பு இல்லை. பிள்ளைகள் மண்ணை வெட்டி எதையாவது செய்வார்கள் என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றவில்லை.

'அடிபட்டால் யார் பொறுப்பு?' என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் செல்கிறார்கள். எதிரே லாரி வராது. விழுந்தால் மண்ணில் விழுகிறோம். தலைக்கவசமும் முழங்கால் காப்பும் இன்றி யாரையும் அனுமதிக்கக் கூடாது. தாவும் மேடுகளுக்கு நடுவே பள்ளம் விடாமல் உச்சியைச் சமமாக நிரப்பிவிட்டால், தாவி எட்டாதவரும் பத்திரமாக இறங்குவார். இறங்கும் பக்கம் சரிவாக இருந்தால் மோதலின் வேகமும் குறையும். ஒன்றை மறவாதீர்கள்: பள்ளியில் தரும் விலையில்லா சைக்கிள் சாலையில் போய்வருவதற்கு ஏற்றது. அதில் மேடு தாவ முயன்றால் முன்கவை வளையலாம், முறியலாம். அதில் ஏறி உருளலாம், தாவக் கூடாது.

'படிப்பு கெட்டுவிடும்' என்பது அடுத்த அச்சம். மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு சிற்றூர் உண்டு. 2015-இல் உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்மணி அங்கே சக்கரப்பலகை ஓட்ட ஒரு சிமெண்டுத் தளம் அமைத்தார். அங்கே இரண்டு விதிகள் வைத்தார்கள். பள்ளிக்குப் போகாதவர்களுக்குப் பலகை கிடையாது. பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். அந்த விதிகளை அப்படியே நாமும் எடுத்துக்கொள்ளலாம். குறிப்பாக இரண்டாவதை! கண்மாயில் நான் பார்த்த ஏழெட்டுப் பேரில் ஒரு சிறுமிகூட இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது

பெரியவர்கள் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். லாங் பீச் சிறுவன் காத்திருக்கவில்லை. ஆனால் அடுத்தவர் நிலத்திலும் நீர்நிலையிலும் கை வைக்காதீர்கள். முதலில் உங்கள் பள்ளி மைதானத்தில் பயன்படாத மூலை எது என்று பாருங்கள். அளந்து, கட்டத் தாளில் வரைபடம் போடுங்கள். மேட்டின் உயரத்தையும் வளைவின் ஆரத்தையும் சாய்வையும் கணக்கிட்டு எழுதுங்கள். மழை நீர் எந்தப் பக்கம் வடியும் என்று அம்புக்குறி இடுங்கள். உங்கள் அறிவியல் ஆசிரியரையும் உடற்கல்வி ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். 'இடம் கொடுங்கள்' என்று கேட்பதைவிட, 'இதோ கணக்கு, சரிபார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்டால் மறுப்பது கடினம்.

அந்தக் கண்மாய்ச் சிறுவர்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். வரைபடம் தயாராகிவிட்டது. வளைவின் சாய்வைக் கணக்கிட்டவன், மிதிக்காமல் வேகம் எப்படி வந்தது என்று கேட்டானே, அவன்தான். பள்ளி ஒன்றில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். மேடுகளைக் கலைக்கச் செய்த பெரியவரும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார். செம்மண் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியுமாம்.